ஆறாயிரத்து ஐநூறு சுற்று

ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

இங்கே நான், என் மனைவி, உன் மகள் மூவரும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? அத்தானிடம் போனில் கேட்டால், "இப்பல்லாம் நான் திட்டுறதே அவளுக்குக் கேக்கறதில்ல, வீடு நிம்மதியா இருக்கு" என்கிறார். பட்டறையில் ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவளுக்கு வேறு என்ன ஆகும்? போனில் உன்னோடு கத்துவதைவிட எழுதுவதே எனக்குச் சௌகரியம்.

பாப்பா சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய். வரைபட அலுவலகத்தில் உன் மகளுக்கு நல்ல பெயர். தலைமை வரைவாளர் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தார். "உங்க மருமக போடுற கோடு எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னே தெரியல" என்றார். பாராட்டா குறையா என்று புரியாமல் விழித்தேன். பாராட்டுதானாம். வேலையை நிரந்தரமாக்க ஆகஸ்டில் ஒரு தேர்வு உண்டு. ஒரே தாளில், மையில், அழிக்காமல் வரைந்து காட்ட வேண்டும்.

இனி வண்டி. போன மலைப்பாதைக் கார் போட்டியிலும் பல் டாக்டர் என்னை முந்திவிட்டார். இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர்ச் சாலை வருகிறது. அதை இரண்டாவது கியரிலேயே இழுத்துக் கடந்தால், மூன்றுக்கு ஏறி மறுபடி இரண்டுக்கு இறங்கும் நேரம் மிச்சம். இழுத்துப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நீ ஒரு ரோட்டார் வைத்தாயே, நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் தீப்பொறியை வெட்டிவிடுவது, அது சரியாக வளைவின் வாயில் வெட்டியது. வண்டி இருமியது, பின்பக்கம் பெயர்ந்தது, ஓரத்துக் கல்லில் மயிரிழையில் மோதாமல் தப்பினேன். பாதுகாப்புக்கு என்று நீ வைத்தது என்னைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது. பல் டாக்டர் தோளைத் தட்டி, "வண்டிக்கு சொத்தைப் பல் போலிருக்கு, பிடுங்கிடலாமா?" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ரோட்டாரைக் கழற்ற விடு. எஞ்சின் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்றும் சொல். ஆறாயிரம் என்று மட்டும் சொல்லாதே. ஏழரை மணி ரயிலுக்கு ஏழு என்று சொல்லி எங்களை ஸ்டேஷனில் உட்காரவைத்தவள் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குறை ஒன்றுமில்லை. இடது காது மட்டும் அடைத்தே கிடக்கிறது. உன் முதுகு வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, விட்டுவிட்டதா?

ரோட்டாரைக் கழற்றாதே. அந்த எஞ்சின் ஆலையிலிருந்து வெளியே வந்தபோது அறுபது குதிரைத்திறன். பெரிய வால்வு, இரட்டைக் கார்புரேட்டர், வேறு கேம் என்று நான் மாற்றியதில் எண்பதைத் தாண்டியிருக்கிறது. ஆனால் எல்லாம் மேல்மாடி வேலை. கீழே கிடந்து சுழலும் கிராங்க் அதே பழைய கிராங்க். அதை மூன்று இடத்தில்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். பல் டாக்டரின் வண்டியில் ஐந்து இடம். நீ அவரோடு போட்டி போடலாம், உன் கிராங்க் அவருடைய கிராங்கோடு போட்டி போட முடியாது. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அதைக் கீழே இழுத்து வருவது, அதன் தண்டைக் கிராங்கோடு கட்டியிருக்கும் இரண்டு போல்ட். சுற்று இரண்டு மடங்கானால் அந்த போல்ட் மேல் விழும் இழுப்பு நாலு மடங்கு. சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அறுகிற வரைக்கும் எஞ்சின் சந்தோஷமாகப் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆறாயிரம்தான் உண்மை. ஒரு சுற்றுகூட நான் ஒளித்துவைக்கவில்லை.

இன்னொன்று. போட்டி நாளில் பாப்பா அந்த வண்டியில் ஏறக் கூடாது, பக்கத்து சீட்டில்கூட. அவள் கை அவளுக்குப் பிழைப்பு. இதை எழுத்தில் எனக்கு உறுதி சொல். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. கடையில் குனிந்து கண்ணாடிச் சட்டத்தை வளைக்கும்போது மட்டும் பேசுகிறது.

பாப்பா போட்டி நாளில் வண்டியில் ஏற மாட்டாள். எழுத்தில் கொடுத்துவிட்டேன், போதுமா?

எஞ்சினை இறக்கி லாரியில் அனுப்பியிருக்கிறேன். போட்டிகள் மே மாதம்தான் மறுபடி தொடங்கும். பிரித்துப் பார், மாற்ற வேண்டியதை மாற்று. ரோட்டாரை எடுத்துவிடு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பட்டறைக்கு வரும் டாக்ஸிக்காரனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறாய். எத்தனை நாள் ஓடும், எங்கே நிற்கும் என்று முகத்துக்கு நேரே சொல்வாய், நானே பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் குறைத்துச் சொல்கிறாய்? எனக்கும் தலை நரைத்துவிட்டது. கடையில் என்னை ஐயா என்று கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். உனக்கு நான் இன்னும் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைக் காட்ட வந்தவன்தான். எவ்வளவு சொன்னாலும் அதற்கு மேலே போவான், அதனால் குறைத்தே சொல்லுவோம் என்பது உன் கணக்கு. நீ குறைத்துச் சொல்வதால்தான் நான் மேலே போகிறேன் என்று உனக்குத் தோன்றியதே இல்லையா?

இந்தத் தடவையாவது சரியான எண்ணைச் சொல். இல்லையென்றால் சொல்லிவிடு, இங்கேயும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். கொஞ்சம் கோபமும்தான். அத்தானுக்கு இருமல், மற்றபடி சுகம். பாப்பா எழுதிய கடிதத்தோடு ஒரு படமும் வைத்திருந்தாள், பட்டறையில் லேத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். துறைமுகத்தின் ஆழக் கோடுகள். வருகிறவர்கள் எல்லாம் அச்சடித்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன், உன்னைத் திட்டுவார் என்று நினைத்து. "அவன் சொல்றதுல என்ன தப்பு? என்கிட்டயும் நீ அப்படித்தானே. எந்தக் கல்யாணத்துக்கும் நான் பந்தல் போடுறவங்களோட சேர்ந்துதான் போய் நிக்கிறேன்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

சரி, கேட்டுக்கொள். ஆறாயிரம் என்று சொன்னதில் ஐநூறு கழித்திருந்தேன். எப்போதும் கழிப்பேன். இந்தத் தடவை கழிக்கவில்லை.

எஞ்சினைப் பிரித்து, கிராங்கை மறுபடி சமன் செய்து, போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டேன். சோதனை மேடையில் ஏற்றி ஓட்டினேன். எண்பத்தொன்பது குதிரைத்திறன், ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் சுற்றில். ஆறாயிரத்து இருநூறுக்கு மேல் சக்தி கூடவில்லை, இறங்குகிறது. அதற்கு மேலே நீ போவது வேகத்துக்கு அல்ல, கியர் மாற்றாமல் இருப்பதற்கு மட்டும். அதற்காக ஆறாயிரத்து ஐநூறு வரை தருகிறேன். அதுதான் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. டாக்ஸிக்காரனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

ரோட்டாரை எடுத்துவிட்டேன். சாதாரணமானதைப் போட்டிருக்கிறேன். இனி உன் காலுக்கும் போல்டுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம், என் முதுகுகூட. அத்தான் இருமல் எப்படி?

எஞ்சின் வந்து சேர்ந்து, ஏற்றி, முதல் போட்டியும் முடிந்துவிட்டது. இரண்டாம் இடம். பல் டாக்டர் முதலிடம்தான், ஆனால் இறங்கி வந்தவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டாவது கியரில் வளைவிலிருந்து வளைவு வரை ஒரே மூச்சு. நீ கட்டிய எஞ்சின்களிலேயே இதுதான் சிறந்தது. உன்னை மிரட்டியதற்கு மன்னித்துக்கொள்.

பாப்பா நேரம் குறிக்கிறாள். போட்டியாளர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. வண்டியைக் கழுவுவது, ஷெட்டுக்குள் விடுவது எல்லாம் இப்போது அவள்தான். என்னைவிட நிதானமாக விடுகிறாள். உன் எண்ணை அவளிடம் காட்டினேன். சிரித்தாள். ஏன் என்று உனக்கே தெரியும்.

அடுத்த போட்டி ஜூனில். தேர்வுக்கு வரைந்து பழகுகிறாள். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் நின்றுவிட்டது. இரண்டாம் இடத்துக்கு அத்தான் சந்தோஷப்பட்டார், நானும்தான்.

சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரடியாகக் கேட்கிறேன், நேரடியாகப் பதில் சொல். போட்டியில் சுற்றைக் காட்டும் முள் எதுவரை போனது? ஒரே மூச்சில் வளைவிலிருந்து வளைவு வரை இழுத்தேன் என்கிறாய். அந்தத் தூரத்துக்கு என் கணக்கில் ஆறாயிரத்து ஐநூறு போதாது.

உடனே எழுது. ஷெட்டுக்குள் விடுவதோடு பாப்பாவின் ஓட்டம் நிற்கட்டும்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகம் என்று நம்புகிறேன். கடை வேலையில் உடனே எழுத முடியவில்லை.

ஒரு கெட்ட சேதி. எஞ்சின் போய்விட்டது. ஜூன் போட்டியில், நான் சொன்ன அந்த நேர்ச் சாலை முடியும் இடத்தில், மூன்றாவது பிஸ்டனின் தண்டு அறுந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. எண்ணெய் எல்லாம் சாலையில். வண்டி சறுக்கி ஓரத்து மண்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. வண்டிக்கு வலது பக்கம் நல்ல அடி. கதவை மாற்ற வேண்டும். பயப்படும்படி ஒன்றுமில்லை.

போல்டில் ஏதாவது குறை இருந்திருக்குமோ என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். புதிதிலும் கெட்டது வருவதுண்டாமே. உன்மேல் குறை சொல்லவில்லை. எஞ்சினை அனுப்பியிருக்கிறேன், நீயே பிரித்துப் பார்.

பாப்பாவுக்கு அலுவலகத்தில் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்களைப் பற்றித்தான் எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினைப் பிரித்தேன். மூன்றாவது தண்டின் போல்ட் ஒன்று அறுந்திருக்கிறது, ஒன்று வளைந்திருக்கிறது. அறுந்தது, அறுவதற்கு முன் நடுவில் இடுப்பு சிறுத்திருக்கிறது. மீதி ஆறையும் அளந்தேன். எல்லாமே நீண்டிருக்கின்றன. ஒரு போல்ட் கெட்டதாக வரலாம், எட்டும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. நாலு பிஸ்டன் தலையிலும் வால்வு இடித்த பிறைத் தடம் இருக்கிறது. நான் போட்ட வால்வு ஸ்பிரிங்கோடு ஏழாயிரம் சுற்றுக்குக் கீழே அப்படி இடிக்காது. ஒரு தடவை அல்ல, பல தடவை போயிருக்கிறது.

அதை விடு. நீ சின்ன வயதிலிருந்தே சிராய்ப்புக்கு மூன்று பக்கம் எழுதுகிறவன். வண்டி சாய்ந்தது என்கிறாய். உனக்கு எங்கே வலித்தது, எப்படி வெளியே வந்தாய், யார் தூக்கினார்கள், ஒரு வரி இல்லை. கதவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அத்தான் போன் செய்தால் பாப்பா குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள். ஒரு மாதமாகவா குளிக்கிறாள்?

வண்டியை ஓட்டியது யார்?

அக்கா


ஆகஸ்ட் 5

அம்மா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நான்தான் ஓட்டினேன். மாமாவுக்கு அன்று முதுகு பிடித்துக்கொண்டது, உட்கார முடியவில்லை. வண்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, பெண்கள் பிரிவில் ஆள் குறைவு என்பதால் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான்தான் கேட்டேன். அவர் இரண்டு தடவை வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை சாவியைக் கொடுத்தார்.

கிளம்பும்போது எதுவரை போகலாம் என்று கேட்டேன். "உங்கம்மா ஆறாயிரத்து ஐநூறுன்னு எழுதியிருக்கா. அப்படின்னா ஏழாயிரம்னு அர்த்தம். அவள எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நானும் உன்னிடம் வளர்ந்தவள்தானே. பரீட்சை எத்தனை மணிக்கு என்று நீ சொன்னதை நான் என்றைக்கும் நம்பியதில்லை, பள்ளிக்கூடத்துப் பலகையைப் போய்ப் பார்ப்பேன். நீ எங்களிடம் கழிக்காமல் சொன்ன ஒரே எண் அதுதான் போலிருக்கிறது. அதைத்தான் நாங்கள் நம்பவில்லை.

வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. கை வெளியே போய்விட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன, மடங்குவதில்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தேர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். தலைமை வரைவாளர் வீட்டுக்கே வந்து சொன்னார், ரொம்ப மரியாதையாக.

வராதே அம்மா. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

பாப்பா


ஆகஸ்ட் 7

அக்கா,

பாப்பா எழுதிவிட்டாள். அவள் கடிதம் போன பிறகுதான் எனக்குச் சொன்னாள். இரண்டு நாளாக நானும் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உன் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தப்பு என்னுடையது. எழுத்தில் கொடுத்த வாக்கை மீறினேன். சாவியைக் கொடுத்தது என் கை. ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்ததும் முதலில், "எத்தனை செகண்ட்?" என்று கேட்டாள். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஜனவரியில் ஆறாயிரம்தான் உண்மை என்று எழுதினாய், ஒரு சுற்றுகூட ஒளிக்கவில்லை என்றாய். ஏப்ரலில் அது பொய் என்று நீயே எழுதினாய். அப்புறம் அதே வாயால் இன்னொரு எண்ணைச் சொன்னால் எந்தத் தம்பி நம்புவான்? நீ முன்னால் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பின்னால் நம்பியிருப்பேன். இதை எழுதுவது அசிங்கம் என்று தெரியும். எழுதாமல் இருந்தால் வேறு எதையும் எழுத வரவில்லை.

வண்டியை விற்றுவிட்டேன். பல் டாக்டர்தான் வாங்கிக்கொண்டார். கேட்ட பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். அத்தானுக்குத் தூக்கமில்லை, மற்றபடி நடமாடுகிறார்.

நான் உன் வீட்டில் இருந்த நாட்களில் நீ கடையிலேயே கிடந்தாய். சாப்பாட்டை உன் மனைவி டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்புவதைப் பார்த்தேன். என் எதிரில் வர உனக்கு முடியவில்லை என்று புரிந்துகொண்டேன். நல்லதுதான். வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

உன் கேள்விக்குப் பதிலை ரயிலில் வரும்போதும் போகும்போதும் தேடிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அது சரி என்பதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் சரி வேறு, என் மகளின் கை வேறு.

அவளை அழைத்துவரத்தான் வந்தேன். பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவள் இடது கையால் ஒரு சட்டையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். மடிக்க வரவில்லை, சுருட்டி வைத்தாள். நான் மடிக்கப் போனேன், விடவில்லை. அப்புறம், எனக்குக் கேட்க வேண்டும் என்று வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்: "இங்க மாமா என்னப் பார்த்தா தலையக் குனிஞ்சுக்கறார். அது பழகிடுச்சும்மா. அங்க வந்தா, நீ சொன்னது சரியாப் போச்சுங்கறத தினமும் உன் மூஞ்சில நான் பாக்கணும். அது என்னால முடியாது."

என் மூஞ்சி அப்படியா இருக்கிறது என்று கேட்டேன். எழுந்து போய் அலமாரியைச் சாத்தினாள். ஸ்டேஷனுக்கு வந்தாள். ரயில் நகரும்போது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள்.

இனி உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை என்று நேற்று ஒரு கடிதம் எழுதினேன். அத்தானிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். அவர் போடாமல் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி பக்கத்தில் வந்து, "அவளப் பத்தி அப்புறம் யார் எழுதுவா?" என்றார். போனில் அவருக்கு அவள் நல்லா இருக்கேன்பா என்று மட்டும்தான் சொல்கிறாளாம். எனக்கு எழுத மாட்டேன் என்று என்னிடமே சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் நடப்பதை எனக்குச் சொல்ல நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

அதனால் எழுதுகிறேன். கட்டைவிரலுக்கு மருத்துவர் கொடுத்த பயிற்சியை அவள் செய்கிறாளா? ஆள்காட்டி விரல் கொஞ்சமாவது மடங்குகிறதா? காலையில் யார் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறார்கள்? நன்றாக இருக்கிறாள் என்று எழுதாதே. என்ன சாப்பிட்டாள், எந்தக் கையால் சாப்பிட்டாள் என்று எழுது. ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் அன்றைக்கே எழுது.

அக்கா